மூன்றாம் மாடிக்கு வந்த பந்தய நாய்

ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரர் நாயைக் கொண்டுவந்தே விட்டார்.

நேயாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஹாலில் மான் மாதிரி ஒன்று நிற்கிறது. சாம்பல் நிறம். என் இடுப்புக்கு வரும் உயரம். நெஞ்சு மட்டும் பெரிதாக, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல். வாயில் பிளாஸ்டிக் கூடு மாட்டியிருந்தது. பெயர் ஜெட்டாம்.

பஞ்சாபிலிருந்து குட்டியாக வாங்கி வந்து, எங்கோ ஒரு தென்னந்தோப்புக்குள் பந்தயம் ஓட விட்டிருக்கிறார்கள். கால் விரல் முறிந்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். டெய்சி அக்காவின் நாய்க் காப்பகத்தில் எடுத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கூண்டிலேயே வளர்ந்ததால் அதற்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. படிக்கட்டு, மிக்சி, டிவி, கண்ணாடி, குழந்தை எதுவும் தெரியாது. ஒரு குடும்பத்தோடு கொஞ்ச நாள் இருந்து பழகினால்தான் தத்துக் கொடுக்க முடியுமாம். அந்தக் குடும்பம் நாங்கள்.

டெய்சி அக்காவும் கூட வந்திருந்தார்.

"சாதுங்க சிந்து. பூனை, கோழின்னா தொரத்தும். மனுசங்கள ஒண்ணும் பண்ணாது."

"குழந்தைகள பாத்திருக்குங்களா?"

"இனிமேத்தான் பாக்கும்."

சிரிக்கிறார். என் குழந்தை நடக்கப் பழகி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இரண்டு விஷயம் சொல்லிப் போனார். ஒன்று, தூங்கும்போது அதைத் தொடக் கூடாது. கூண்டில் தனியாகவே தூங்கிய நாய், தூக்கத்தில் யார் கையும் பட்டதில்லை. இரண்டாவது: "பாப்பாகிட்ட பல்லக் காட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுங்க, வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன். சாகற வரைக்கும் எங்க ஷெட்டுதான்."

ஒரு வார்த்தை போதும். நல்லது.

எனக்குப் புரியாதது இதுதான். தெருநாய் குரைத்தால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறவர் இவர். பிஸ்கட் போட்டுக்கூடப் பார்த்ததில்லை. திடீரென்று நாய் மேல் எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்?

ஜூன் 11, புதன்

டைல்ஸில் நடக்கப் பயப்படுகிறது. கால் வழுக்குகிறதாம். இவர் ஹால் முழுக்க ரப்பர் பாய்களைத் துண்டு துண்டாகப் போட்டு வைத்திருக்கிறார். நாய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கடைசிப் பாயில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது போல நிற்கிறது. உட்காரு என்றால் உட்காரத் தெரியவில்லை. நிற்கும், இல்லையென்றால் படுக்கும்.

மிக்சி போட்டேன், கழிவறைக்குள் ஓடிவிட்டது. குக்கர் விசில் வந்தது, மறுபடியும் கழிவறை. பீரோக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்து என் மேல் மோதியது.

சாயங்காலம் இவர் வந்ததும் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தது. நேயாவைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டே டெய்சி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அது சந்தோசத்துல கடிக்கறதுங்க. சிரிக்குதுன்னு வெச்சுக்கோங்களே."

சிரிக்கிற நாய்க்கு எதற்கு அவ்வளவு பெரிய பல்?

ஜூன் 12, வியாழன்

லிஃப்ட்டுக்குள் வர மறுக்கிறது. ஒன்றுக்குப் போக மூன்று மாடி இறங்கியாக வேண்டும். இவர் ஆபீஸ் போய்விட்டார். நேயாவை நெஞ்சில் பையோடு கட்டிக்கொண்டு, நாயின் முன்னங்காலைப் பிடித்து ஒரு படியில் வைத்து, பிறகு பின்னங்காலைப் பிடித்து வைத்து, மறுபடி முன்னங்கால். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்தது இதற்குத்தான். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "பாப்பாவ நான் வெச்சுக்கறனே" என்று கை நீட்டினார். வேண்டாம் என்றேன். அவருக்குப் போன வாரம் இருமல்.

ஒரு வழியாகக் கீழே போய்ச் சேர்ந்தோம். வெயிலில் கண் கூசியது. வாசல் கொன்றை எப்போது பூத்தது என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இந்த நாய் தூங்குவதே இல்லை.

நானும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறது, ஆனால் கண் மட்டும் திறந்தே இருக்கிறது. நேயா விளையாடுகிற பக்கமாகவே தலையை வைத்துப் படுக்கும். இமைகூட ஆடாது. ஓடுகிற பொருளைத் துரத்திக் கடிப்பதற்கென்றே பழக்கிய நாய், இப்போதுதான் ஓடப் பழகுகிற என் குழந்தையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவரிடம் சொன்னேன்.

"நீ அதைப் பாக்கற. அது உன்னையப் பாக்குது. அவ்வளவுதான்."

"என்னைய இல்ல. நேயாவ."

"நீ நேயாவ விட்டு எங்க தள்ளி இருக்கற?"

அத்தை, இவருடைய அம்மா, கோபியிலிருந்து போனில் பேசினார். முதல் கேள்வி எப்போதும் போல: "தூங்குனயா சாமி?" நேயா தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம், "பாப்பாவக் கொஞ்ச நாளைக்கு இங்க அனுப்பி வெய்யேன். நாங்க பாத்துக்கறோம். நீ நல்லாத் தூங்கி எந்திரி."

ஏன் இப்போது? யார் என்ன சொன்னார்கள்?

பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது இவர் பால்கனியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு நேரமும் கீழ எறங்கி நடக்கறாம்மா. ஆமா, நேத்து அரை மணி நேரம்."

யார் நடக்கிறாள்? ஜெட் ஆண் நாய்.

நேராகப் போய்க் கேட்டேன். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "உனக்குத் தூக்கமில்லன்னு போனப்ப டாக்டரம்மா தினமும் வெளிய நடக்கச் சொன்னாங்கல்ல. உனக்குன்னா நீ போக மாட்ட. மூணு மாசமா நீ வாசல் கேட்டத் தாண்டல சிந்து. ஒரு நாய் இருந்தா..."

அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த வீட்டில் பழக்குவதற்காகக் கொண்டு வந்தது எதை, பழக்கப்படுவது யார் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நாளை டெய்சி அக்காவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம். பொய்தான். சொன்னால் என்ன?

ஜூன் 16, திங்கள்

சொல்லவில்லை. காலையில் அது படிக்கட்டைத் தானே இறங்கிக் கொண்டிருந்தது. நடுவில் போன் பேச முடியாது.

ஜூன் 18, புதன்

வாய்க்கூட்டைக் கழற்றிவிடலாம் என்று டெய்சி அக்கா சொல்லிவிட்டார். நான் இன்னும் இரண்டு நாள் ஆகட்டும் என்றேன்.

காலையில் கேட்டுக்கு வெளியே இரண்டு தெருநாய்கள். ஜெட் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு, முழு எடையையும் என் தொடையில் சாய்த்து நின்றான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு! "போங்கடா" என்று நான் கத்தினேன். இரண்டும் போய்விட்டன. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே மறந்திருந்தது.

அதை நினைத்துக்கொண்டே திரும்பும்போது வெள்ளை கேரிபேக் ஒன்று காற்றில் ரோட்டோரமாக ஓடியது. ஒரு நொடிதான். அவன் உடம்பு மொத்தமும் கல்லாகி, அடுத்த நொடி நான் இழுபட்டேன். நேயா என் நெஞ்சில் இருக்கிறாள். லைட் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். கயிறு உரசி உள்ளங்கை தோல் போய்விட்டது. பந்தயத்தில் மோட்டாரில் கட்டி இழுப்பது இந்த மாதிரி ஒரு வெள்ளைத் துணியைத்தானாம்.

சாது, சாது என்கிறார்கள். நேயாவின் வெள்ளை உடுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டைக் கழற்றியாகிவிட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை. அவனும்தான்.

ஜூன் 23, திங்கள்

நேயாவின் பச்சை கவுன் கையில் கிழிந்துவிட்டது. ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது என்று இவரிடம் சொன்னேன். கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியதில் குழந்தைக்குத் தோல் சிவந்துவிட்டது. அதைப் பற்றியும் கேட்டார். வேர்க்குரு என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ஆட்டோ பிடித்து, சளி என்று சொல்லி நேயாவைக் குழந்தை டாக்டரிடம் கொண்டு போனேன். என் சிநேகிதி வீட்டில் இப்படி ஒன்று நடந்தது என்று பேச்சை எடுத்தேன். பல் தோலில் படவில்லை, கீறல் இல்லை, நாய்க்கு ஊசி எல்லாம் போட்டிருக்கிறது என்றால் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்றார். அப்புறமும் நேயாவின் கையை இப்படியும் அப்படியும் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். "உங்க சிநேகிதிகிட்டச் சொல்லுங்க, ஒண்ணும் இல்ல" என்றார்.

எழுதிவிடுகிறேன்.

நேற்று நான் சோபாவில்தான் இருந்தேன். போன் பார்க்கவில்லை, கண்ணும் அசரவில்லை. அவன் பாயில் படுத்திருந்தான், கண் நேயாவின் மேல். அவள் அவனை நோக்கி நடந்தாள். முதலில் எழுந்து தூக்கத்தான் போனேன். பிறகு நினைத்தேன்: அவள் வருவது அவனுக்குத் தெரிகிறது, விழித்துக்கொண்டுதான் இருக்கிறான், வால்கூட ஆடவில்லை. இத்தனை நாளாக ஒன்றும் செய்யாதவன். எல்லோரும் சொல்வதுபோல ஒரே ஒரு முறை விட்டுப் பார்ப்போமே.

தடுக்கி அவன் கழுத்தின் மேல் விழுந்தாள். நாய்க் குரல் மாதிரியே இல்லாத ஒரு சத்தம். பல். துணி கிழிந்தது. அவ்வளவுதான் நேரம். நான் நேயாவைத் தூக்குவதற்குள் அவன் பால்கனி மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று, நின்ற இடத்திலேயே ஒன்றுக்கு விட்டு, கிடுகிடுவென்று நடுங்கினான். நேயா சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

நேயாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பழையபடி பாயில் வந்து படுத்தான். கண் திறந்திருந்தது. "ஜெட்" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். மடங்கிக் கிடந்த காது திரும்பவில்லை. தள்ளி நின்று முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினேன். கண் அசையவில்லை. ஓரத்தில் மெல்லிய வெள்ளைத் தோல் பாதிக் கண்ணை மூடியிருந்தது. மூச்சு நீளமாக வந்தது. பாதம் லேசாகத் துடித்தது.

தூங்குகிறான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான். என் குழந்தையை நாளெல்லாம் முறைத்ததாக நான் நினைத்தவன் அப்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

டெய்சி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கண்ணத் தொறந்துட்டே தூங்குமா?"

"ஆமாங்க, இந்த ஜாதியில செலது அப்படித் தூங்கும். நான் சொல்லலையா உங்களுக்கு? ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இப்போது அது உண்மையும்கூட. சொன்னால் ஜெட் ஷெட்டுக்குப் போவான். நேயா கோபிக்குப் போவாள். நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்ததா என்பார்கள்.

ஜூன் 26, வியாழன்

மதியம் என்னை அறியாமல் கண் அசந்துவிட்டேன் போல. இவர் சீக்கிரம் வந்து தோளைத் தொட்டு எழுப்பினார். நான் வீசிய கை பட்டு அவர் கண்ணாடி சுவர் வரை போய் விழுந்தது. "அடிப் பாவி, ஆளக் கொல்லப் பாத்தயே" என்று சிரித்தார். குனிந்து எடுத்து, துடைத்து, மெதுவாக மாட்டிக்கொண்டார். அப்புறம் நேயாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். ஏன் தூக்கிப் போக வேண்டும்? அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

ஜெட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வீடு. கோகிலவாணி, அவர் கணவர் விவேக், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, தன்யா. டெய்சி அக்கா கூட்டி வந்தார். இவர் எல்லோருக்கும் டீ போட்டார்.

"நம்ம பாப்பாகிட்ட எப்படிப் பழகுச்சுங்க?" என்று கோகிலவாணி என்னைக் கேட்டார்.

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர் முந்திக்கொண்டு, "நல்லாப் பழகிருச்சுங்க. ஒரு பிரச்சனையும் இல்ல. சிந்துதான் எல்லாம் பழக்குனா. படி ஏறும், எறங்கும், மிக்சிக்குக்கூட இப்ப ஓடறதில்ல" என்றார். அவர் குரலில் பெருமை. என்னைப் பற்றி அவர் அப்படிப் பேசிக் கேட்டு நாளாகிறது. டெய்சி அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் பேசாமல் இருந்தால் முடிந்தது. ஜெட் தோட்டத்துக்குப் போய்விடுவான். யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்தப் பெண் குழந்தை அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பாயில் படுத்திருந்த ஜெட்டிடம் போனது. "என்னையவே பாக்கறான் பாரும்மா" என்றது.

காதைப் பார்த்தேன். காது மடங்கிக் கிடந்தது.

"தொடாத!"

நான் போட்ட சத்தத்தில் டீ டம்ளர் உருண்டது. குழந்தையின் கையை எப்படிப் பிடித்தேன் என்று தெரியவில்லை, அது அழ ஆரம்பித்தது. ஜெட் துள்ளி எழுந்து நின்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கோகிலவாணி மகளைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கண், தூக்கம், நேயா விழுந்தது, பல், கவுன், சோப்பு. டாக்டரிடம் சிநேகிதி என்று சொன்னது வரைக்கும். சொல்லச் சொல்ல கோகிலவாணியின் கண் நேயாவின் கையில் ஒரு தரம், ஜெட்டின் வாயில் ஒரு தரம், என் முகத்தில் ஒரு தரம் நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானே பார்க்கிற பார்வைதான்.

"யோசிச்சுச் சொல்றோங்க" என்று விவேக் எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

டெய்சி அக்கா செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "கண்ணு விசயத்த முன்னயே நான் சொல்லியிருக்கோணும். என் தப்பு. ஆனாலும் பல்லக் காட்டிருச்சே சிந்து. வர்ற ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர்கள் போனபின் இவர் சிந்திய டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஜன்னல் கொக்கின்னு சொன்னயே."

"ஆமா."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பாப்பாவக் கோபிக்கு அனுப்பிருவீங்க."

துணியைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார். "அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்" என்றார்.

இதை எங்கே சேர்த்து வைக்கப் போகிறார், எப்போது எடுப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

கோகிலவாணி போன் செய்தார். என் நம்பரை டெய்சி அக்காவிடம் வாங்கினாராம்.

"முழிச்சிருக்கானா தூங்கறானான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"கூட்டிட்டு வரலாமான்னுதான்."

சந்தேகமாக இருந்தது. இவ்வளவும் கேட்ட பிறகு எந்தத் தாய் அந்த நாயைக் கேட்பாள்? தோட்டத்தில் காவலுக்குக் கட்டிப் போடவா? மறுபடி ஓட விடவா? கேட்டே விட்டேன்.

"அட நீங்க ஒண்ணு! இதுக்கு முந்தி ஒருத்தங்க சாது, சாதுன்னு சொல்லி ஒரு நாயக் குடுத்தாங்க. வந்த வாரமே பதினோரு கோழி. யாராச்சும் வாயத் தொறந்து சொன்னாங்களா? நீங்கதான் எங்க மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தக்கன நாங்க பாத்துக்குவோம். நீங்க பாத்துக்கலையா?"

நான் பார்த்துக்கொண்டேனா என்ன?

வீடியோவில் ஜெட்டைக் காட்டினேன். காது, வெள்ளைத் தோல், மூச்சு. எட்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காது திரும்பிய பிறகுதான் கிட்டே போக வேண்டும். குழந்தை கை எட்டாதபடி, இடுப்பளவுக் கதவுக்குப் பின்னால்தான் அவன் பாய் இருக்க வேண்டும். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். கோழி இருக்கிறதா, எங்கே அடைக்கிறீர்கள், கேட்டில் இடைவெளி எவ்வளவு, வீட்டில் யாராவது குடிப்பார்களா.

ராத்திரி டெய்சி அக்கா பேசினார். "விசயம் தெரிஞ்சே கேக்கறாங்க, அதனாலதான் ஒத்துக்கறேன். ஏனுங்க சிந்து, வீட்ட நேர்ல பாத்துட்டுத்தான் விடுவேன்னீங்களாமா? நீங்க நாயக் குடுக்கறீங்களா, பொண்ணக் குடுக்கறீங்களா?"

ஜூலை 6, ஞாயிறு

காரில் போனோம். ஜெட் பின்சீட்டில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நேயா முன்னால் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய சீட்டில். ஊத்துக்குளி தாண்டிய பிறகுதான் கவனித்தேன், அவளை இவர் பக்கம் விட்டுவிட்டு நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று. வண்டியை நிறுத்தச் சொல்ல வாய் எடுத்தேன். ஜெட் தலையைத் தூக்காததால் விட்டுவிட்டேன்.

வீட்டை முழுக்கப் பார்த்தேன். இடுப்பளவுக் கதவு போட்டிருக்கிறார்கள். தாழ்ப்பாளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஆட்டிப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது. கோழிக் கூண்டு தள்ளி இருக்கிறது. வாசல் மண் தரை. ஜெட் முதல் முறையாக ஒரு வீட்டில் பாய் இல்லாமல் நடந்தான், முதலில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பிறகு சாதாரணமாக. விவேக் குடிக்க மாட்டேன் என்றார். அவர் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன். இவர் பின்னாலிருந்து என் துப்பட்டாவை இழுத்தார்.

"பாப்பாவ எறக்கி உடுங்க, ஓடட்டும். எத்தன நேரந்தான் தூக்கி வெச்சுக்குவீங்க?" என்றார் கோகிலா.

ஜெட் முருங்கை நிழலில் படுத்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காது திரும்பியது. அப்புறம் வாலும் ஒரு தரம். நேயாவைத் தரையில் விட்டேன். அவள் அவனிடம் போனாள், நான் கூடவே போனேன், கையை அவள் கவுனுக்குப் பின்னால் நீட்டியபடி. ஆனால் பிடிக்கவில்லை. அவள் அவன் முதுகில் தட்டினாள். அவன் பல்லை நறநறவென்று கடித்தான். கோகிலா திடுக்கிட்டு எழுந்தார்.

"ஒண்ணுமில்ல, சிரிக்கறான்" என்றேன்.

கிளம்பும்போது அவன் கேட் வரை வந்தான். தன்யா எட்டி நின்று, "ஜெட்டு, ஜெட்டு" என்று காது திரும்பும் வரை கூப்பிட்டுவிட்டுத்தான் கிட்டே போனாள். அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். காரில் நான் அழவில்லை. இவர் அழுதேன் என்கிறார்.

திரும்பும் வழியில்தான் ஞாபகம் வந்தது. தோட்டத்துக் கிணற்றுக்கு மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறது. தூரத்தில் வெள்ளையாக ஏதாவது பறந்தால் அவன் முன்னால் இருப்பது எதையும் பார்க்க மாட்டான். அவிநாசி வருவதற்குள் போன் போட்டேன். நாளைக்கே கம்பி வலை கட்டி போட்டோ அனுப்புவதாகக் கோகிலா சொன்னார்.

ஜூலை 7, திங்கள்

போட்டோ இன்னும் வரவில்லை. சாயங்காலம் நேயாவைத் தூக்கிக்கொண்டு கீழே நடக்கப் போனபோது மூன்று தரம் போன் செய்தேன். நாளையும் வரவில்லை என்றால் நேரில் போய்ப் பார்க்க, காங்கேயத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அத்தையிடம் நேயாவை ஒரு பகல் பார்த்துக்கொள்ள வரச் சொல்லிவிட்டேன்.